பன்னிரண்டு ஏக்கர் காடும் பக்கத்து மாந்தோப்பும்

கேள்வி: "எங்கள் ஊர்க் கருப்பசாமி கோயிலைச் சுற்றி மூன்று ஏக்கர் அளவுக்குப் பழைய காடு நிற்கிறது. அதை ஒட்டி எனக்கு இரண்டரை ஏக்கர் மாந்தோப்பு. காட்டில் நாற்பது சென்ட்டைத் திருத்தி ஊர் மண்டபம் கட்டலாம் என்று பேச்சு நடக்கிறது. என் பெரியப்பாதான் முன்னின்று பேசுகிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இந்தக் காட்டால் என் தோப்புக்கு நன்மையா, தொல்லையா? பாரம்பரியத் தலம் என்று அரசு அறிவித்தால் பக்கத்துப் பட்டா நிலமும் போய்விடும் என்கிறார்களே, அது உண்மையா?"

— ஊர்ப் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், மேலூர் வட்டம்.

இந்தக் கடிதம் வந்தது மார்கழியில். தத்துப்பூச்சிக்கு என்ன மருந்து, கன்று எந்த நர்சரியில் கிடைக்கும் என்று வரும் கடிதங்களுக்கு நடுவே இப்படி ஒன்று எப்போதாவதுதான் வரும். பதிலைப் பத்திரிகையில் போடும் முன்பு அவருக்குத் தபாலில் ஓர் அஞ்சலட்டை போனது. அதில் இருந்தது ஒரே யோசனை: 'பெரியப்பாவோடு வாதம் செய்ய வேண்டாம். அவரையும் கூட்டிக்கொண்டு நத்தம் பக்கம் காசம்பட்டி வீரகோயில் காட்டை ஒருநாள் பார்த்துவிட்டு வரவும்.'

அவர் மாசியில் போய்விட்டு வந்து நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அதனால் இந்த இதழின் பதிலில் பாதி அவருடையது.

காசம்பட்டி, திண்டுக்கல் மாவட்டம் நத்தம் வட்டத்தில் ரெட்டியபட்டி ஊராட்சியில் இருக்கிறது. அழகர்மலைக் காப்புக்காட்டுக்குப் பக்கம். அங்குள்ள வீரகோயில் காட்டின் பரப்பு 4.97 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டு ஏக்கரும் கொஞ்சமும். சுற்றிலும் மாந்தோப்புகள். வீர கருப்பசாமியின் காடு என்று ஊரார் தலைமுறை தலைமுறையாகக் கைவைக்காமல் விட்டிருந்த இடத்தை, 2025-ல் தமிழ்நாடு அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் இது இரண்டாவது. முதலாவது, அழகர்மலைக்கு அந்தப் பக்கம், கேள்வி கேட்டவரின் சொந்த வட்டத்திலேயே இருக்கும் அரிட்டாபட்டி. அது 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. 193 ஹெக்டேர், குன்றுகளும் சுனைகளும் ஏரிகளும் சேர்ந்த பெரிய இடம். அதைப் பார்த்தால் 'நம்ம மூணு ஏக்கருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்' என்றுதான் தோன்றும். காசம்பட்டி அப்படியில்லை. ஒரு விவசாயி தன் கண்ணால் அளந்துவிடக்கூடிய காடு. அதனால்தான் பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு மலையைச் சுற்றிப் போகச் சொன்னது.

பெரியவருக்கு எழுபத்திரண்டு வயது. அவரைப் பேருந்தில் ஏற்றுவதே பெரிய வேலையாக இருந்ததாம். "காட்டைப் பாக்க ஒரு நாளு சம்பளத்த விட்டுட்டு எவனாச்சும் போவானாடா" என்று கேட்டிருக்கிறார். மாம்பூ எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரலாம் என்று சொன்ன பிறகுதான் துண்டைத் தோளில் போட்டார். அது முழுப் பொய்யும் இல்லை. நத்தம் பக்கம் மாமரம் எந்த மாதத்தில் எப்படி நிற்கிறது என்பது மேலூர்க்காரருக்கும் தேவையான சேதிதான்.

வழியெல்லாம் தோப்பு. சில மரங்களில் பூங்கொத்து, சிலவற்றில் மிளகளவு பிஞ்சு. தோப்புகளுக்கு நடுவே நடந்து காட்டின் ஓரத்துக்கு வந்ததும் பெரியவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. கோயில்காட்டுக்குள் செருப்புக்காலோடு போகக்கூடாது, அரிவாள் கொண்டுபோகக்கூடாது, விழுந்த சுள்ளியைக்கூட எடுக்கக்கூடாது என்பது தெற்கே பல ஊர்களின் வழக்கம். மண்டபம் கட்டலாம் என்று பேசியவருக்கும் கால் தானாகவே நின்றிருக்கிறது.

உள்ளே நெருக்கமாக நிற்பது காசா மரம். காசா என்றதும் நம் ஆட்களுக்குக் காசாலட்டு மாம்பழம்தான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. காயா, அஞ்சனி என்றும் இதற்குப் பெயர் உண்டு. பள்ளிக்கூடத்தில் சங்கப் பாடல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், திருமாலின் நிறத்துக்கு உவமை சொல்லும் அந்தக் காயாம்பூ இதுதான். குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் பூக்களில் இதுவும் ஒன்று. சிறிய மரம், தடித்த, பளபளக்கும் இலை, கிளைத் தண்டை ஒட்டியே கொத்துக்கொத்தாக நீலப் பூ. இலையில் மஞ்சள் சாயம் எடுப்பார்கள். கட்டை இரும்பு மாதிரி. மெதுவாக வளரும் மரம் என்பதால், தொடையளவு பருத்த காசாவைப் பார்த்தால் அதைத் தாத்தா காலத்துக்கும் முந்தியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அரசு தந்த கணக்கில் இந்தப் பன்னிரண்டு ஏக்கரில் 22 வகைப் புதர்ச்செடிகள், 21 வகைக் கொடிகள், 29 வகைப் பூண்டுகள், 12 வகைப் பறவைகள் இருப்பதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மரங்கள் தனி. அந்த எண்களைப் பெரியவரிடம் சொன்னபோது, "கொடியே இருபத்தோரு தினுசா? நம்மூருக் காட்டுல எத்தனடா இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார். தம்பி மகனுக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. தன் தோப்பில் எத்தனை மரம், எது எந்த வருஷம் நட்டது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய ஆட்கள் இருவரும். வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும் இருட்டு.

அதன்பின் அவர்கள் பார்த்தது தரையை. கடிதத்தில் இந்த இடம்தான் நன்றாக இருக்கிறது. "காட்டுக்குள்ள கால் வச்சா மெத்தை மேல நடக்குற மாதிரி இருந்துச்சு. வெளிய தோப்புக்குள்ள வந்தா குதிகால் சுட்டுச்சு" என்று எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே மண். ஒரே மழை. இடையில் இருப்பது ஒரு வேலியும், சில தலைமுறைக் காலமாக யாரும் கூட்டித் தள்ளாத சருகும்தான்.

இதை ஊரிலேயே சோதித்துப் பார்க்கலாம். பழைய பெயிண்ட் டப்பாவின் அடியை வெட்டிவிட்டு, தோப்பில் ஓரிடத்தில் மண்ணில் நாலு விரல் ஆழம் இறுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றி, இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்க்க வேண்டும். பிறகு காட்டின் ஓரத்தில், வேலிக்கு வெளியே சருகு மூடிய இடத்தில், அதேபோல. உள்ளே தோண்ட வேண்டாம், சாமி காரியம் என்று ஊரில் பேச்சு வரும். இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் வேறு விளக்கம் தேவைப்படாது. ஐப்பசி மழையில் தோப்புத் தண்ணீர் வண்டல் கலந்து வாய்க்காலுக்கு ஓடுவதும், காட்டுத் தண்ணீர் நின்று இறங்குவதும் இந்த டப்பாவுக்குள்ளேயே தெரிந்துவிடும். நம் மாநிலத்து நிலங்களில் கரிமச் சத்து பெரும்பாலும் அரை சதவீதத்துக்குக் கீழே கிடக்கிறது என்று மண் பரிசோதனை அட்டைகள் வருஷா வருஷம் சொல்கின்றன. சருகைக் கூட்டிக் கொளுத்துகிற பழக்கமும் வருஷா வருஷம் நடக்கிறது.

இனி, தோப்புக்கு நன்மையா தொல்லையா என்ற கேள்விக்கு வரலாம். இரண்டும் உண்டு. தொல்லையை முதலில் சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் பெரியவர் நம்பமாட்டார்.

காட்டை ஒட்டிய மா வரிசையில் நிழல் விழும். கிழக்கே காடு இருந்தால் காலை வெயில் தாமதமாகும். பூங்கொத்தில் பனி நின்று சாம்பல் நோய் கூடும். அந்த வரிசையில் காய் குறைவது உண்மை. அதற்குக் காட்டு மரத்தின் கிளையைக் கழிக்கத் தேவையில்லை. அறுவடை முடிந்ததும் தன் மரங்களுக்குக் கவாத்து செய்து உள்ளே வெளிச்சம் விழவிட வேண்டும். புதிதாக நடுகிறவர்கள் காட்டு ஓரத்திலிருந்து இருபதடி விட்டு நட்டு, அந்த இடத்தில் மஞ்சளோ சேனைக்கிழங்கோ போடலாம். இரண்டும் அரைநிழலைப் பொறுக்கும். அடுத்தது வௌவால். பழம் தின்னும் வௌவால் மாம்பழத்தைத் தின்னத்தான் செய்யும். ஆனால் அது காட்டை வெட்டினால் போய்விடும் பிராணி இல்லை. இரவில் வெகுதூரம் பறந்துவந்து தின்னக்கூடியது. காட்டில் அத்தியும் ஆலும் நாவலும் இல்லாமல் போனால் அதற்குத் தோப்பைத் தவிர வேறு வழியும் இருக்காது.

காட்டுப்பன்றியைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். மூன்று ஏக்கர் கோயில்காடு பன்றிக் கூட்டத்தைப் பெருக்கிவிடுவதில்லை. பல ஊர்களில் பன்றி பகலில் படுத்துக் கிடப்பது கண்மாய்க்குள் மண்டிய சீமைக்கருவேலம் புதரில்தான். பழி கோயில்காட்டின் மேல் விழுகிறது. கோயில்காட்டுக்குள்ளேயே சீமைக்கருவேலமோ உண்ணிச்செடியோ புகுந்திருந்தால் அதை வேரோடு எடுப்பது காட்டுக்கும் நல்லது, தோப்புக்கும் நல்லது. அதற்கு ஊர் கூடி ஒருநாள் வேலை செய்தால் போதும். வெட்டுவது வேறு, களையெடுப்பது வேறு என்பதை விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நன்மையில் மண்ணும் ஈரமும் தவிர, கையில் காசாக வருவது ஒன்று இருக்கிறது. அது பூச்சி.

மாம்பூ காற்றில் கருவுறும் என்று இன்னும் நினைக்கிறவர்கள் உண்டு. மாவின் மகரந்தம் பிசுபிசுப்பானது. அதைச் சுமந்து போக ஈயும் தேனீயும் வேண்டும். ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில் பூ இருக்கும். அதில் ஆண்பூவே அதிகம். இருபால் பூவிலும் ஆயிரத்துக்கு ஒன்று பழமாக நின்றாலே நல்ல மகசூல். அந்த ஒன்று நிற்பதற்கு, தேனீயைக் காட்டிலும் சாதாரண ஈக்களே பெரும்பங்கு வேலை செய்கின்றன. அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும், வயிற்றில் மஞ்சள் கோடு போட்ட சின்ன ஈயைப் பார்த்திருப்பீர்கள். அது பெரிதானால் பூவுக்கு உதவி, புழுவாக இருக்கையில் அசுவினியைத் தின்னும். ஈ வேண்டும் என்பதற்காகத் தைவானில் மா விவசாயிகள் பூக்கிற காலத்தில் அழுகிய மீனை வைத்து ஈயைப் பெருக்குகிறார்கள். நாம் சும்மா கிடைப்பதை மருந்தடித்து விரட்டுகிறோம். கொசுத்தேனீ இன்னொன்று. கொட்டாது, மரப்பொந்திலும் சுவர் வெடிப்பிலும் கூடு கட்டும். சிறிய பூச்சி என்பதால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போவது அரிது. அதற்குப் பொந்துள்ள கிழட்டு மரம் பக்கத்தில் வேண்டும். தோப்பில் கிழட்டு மரத்தை யாரும் விட்டுவைப்பதில்லை. கோயில்காட்டில்தான் அது கிழடாகும்வரை நிற்கிறது.

இதை அஞ்சலட்டையில் ஒரு வரியாக எழுதியிருந்தது. அவர் நத்தத்திலிருந்து திரும்பிய அடுத்த நாள் காலை ஏழரை மணிக்குத் தன் தோப்பில், காட்டை ஒட்டிய ஒரு மரத்தடியில் நின்று, ஒரு பூங்கொத்தில் கால்மணி நேரத்தில் எத்தனை பூச்சி வந்து உட்காருகிறது என்று எண்ணியிருக்கிறார். பிறகு தோப்பின் மறுகோடியில், ரோட்டு ஓரத்து மரத்தில். முதல் மரத்தில் முப்பத்தொன்று. இரண்டாவதில் ஒன்பது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கொத்து. இதை வைத்து முடிவு கட்ட முடியாது. நாலைந்து நாள், வேறுவேறு மரங்களில் எண்ணினால்தான் ஒரு தெளிவு வரும். ஆனால் அந்த எண்ணிக்கை அவரை வேறு ஓரிடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

போன வருஷம் அவர் தோப்பில் பூ கொட்டிக் கிடந்தும் காய் பிடிக்கவில்லை. காட்டு நிழலால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் பாதி நம்பினார். இந்த முறை யோசித்தபோது, தோப்பைக் குத்தகைக்கு எடுத்த வியாபாரி பூ முழுக்க விரிந்திருந்த வாரத்தில் தத்துப்பூச்சிக்கு என்று இரண்டு முறை மருந்தடித்தது நினைவுக்கு வந்திருக்கிறது. அடித்தது காலை எட்டு மணிக்கு. ஈயும் தேனீயும் வேலைக்கு வருகிற அதே நேரம். "பூவுக்கு அடிச்சா பூச்சி சாகும்னு தெரியும். எந்தப் பூச்சின்னு யோசிக்கல" என்று எழுதியிருக்கிறார்.

தத்துப்பூச்சிக்கு மருந்தே வேண்டாம் என்பதில்லை. பூங்கொத்து தலைகாட்டும்போது ஒரு முறை, பூ விரிவதற்கு முன். தேவைப்பட்டால் பிஞ்சு பட்டாணி அளவான பிறகு ஒரு முறை. நடுவில், பூ விரிந்திருக்கும் நாட்களில் பூச்சிமருந்து கூடாது. கொத்து வெளிவரும் சமயம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயோடு ஒட்டும் திரவம் சேர்த்து, மாலையில் தண்டு, கிளைக்கவடு, இலையடி எல்லாம் நனையத் தெளித்தாலே ஆரம்பத் தாக்குதல் அடங்கும். குத்தகைக்கு விடுகிறவர்கள் ஒப்பந்தத் தாளில் 'பூ விரிந்த பின் மருந்தடிக்கக் கூடாது' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். வியாபாரிக்கு ஒரு வருஷத்துக் காய்தான் கணக்கு. மரம் நம்முடையது.

காட்டில் உள்ள இன்னொரு சொத்தைப் பற்றியும் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டின் வறண்ட பசுமைக்காடுகளில் பாலை என்றொரு மரம் உண்டு. சிறிய மஞ்சள் பழம், பால் வடியும் பட்டை. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போல, கடற்கரைப் பக்கம் இந்த வகைக் காடுகள் இன்னும் சில மிஞ்சி நிற்கின்றன. அந்தப் பாலை விதையில் முளைத்த கன்றில்தான் சப்போட்டாவை ஒட்டுக் கட்டுகிறார்கள். வறட்சி தாங்கும், நீண்ட ஆயுள். நர்சரியில் சப்போட்டா ஒட்டுக்கன்று வாங்குகிறவர் காசு கொடுப்பது மேல்பாகத்துக்கு என்று நினைத்துக்கொள்கிறார். மண்ணுக்குள் போய் ஐம்பது வருஷம் தாங்கப்போவது காட்டு மரம். வேர்ச்செடிக்கு விதை வேண்டுமானால் தாய்மரம் எங்கோ நிற்க வேண்டும். இந்த வாசகரின் காட்டில் பாலை இருக்கிறதா என்பது பார்த்தால்தான் தெரியும். இருந்தால், கீழே விழும் பழத்தை ஊர்ச் சம்மதத்தோடு பொறுக்கி நாற்று விடுவது ஒரு சிறு வருமானம்.

நிலம் போய்விடுமா என்ற பயத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்பது 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டத்தின் 37-ஆம் பிரிவில் வருவது. காப்புக்காடு, சரணாலயம் போன்றதல்ல. உள்ளாட்சி அமைப்பைக் கலந்துதான் மாநில அரசு அறிவிக்க முடியும். அறிவிப்பில் எந்தெந்த சர்வே எண் என்று குறிப்பிடப்படும். அதில் இல்லாத பட்டா நிலம் அதற்குள் வராது. ஊரார் தாங்களாகவே ஒப்புக்கொண்ட கட்டுப்பாடுகளைத் தவிர, ஏற்கெனவே இருக்கும் வழக்கங்களுக்கும் பயன்பாட்டுக்கும் புதுத் தடை போடுவது இதன் நோக்கமில்லை என்று தேசிய பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அறிவிப்பால் யாருக்காவது பொருளாதாரப் பாதிப்பு வந்தால் அதற்கு ஈடுசெய்யும் திட்டம் வகுக்க வேண்டும் என்பதும் அதே 37-ஆம் பிரிவில் இருக்கிறது. நாட்டிலேயே முதன்முதலில் 2007-ல் இப்படி அறிவிக்கப்பட்டது பெங்களூருக்குப் பக்கத்தில் தேவனஹள்ளி வட்டத்து நல்லூர்ப் புளியந்தோப்பு. புளியமரம் நிற்கும் 54 ஏக்கர், அவ்வளவுதான்.

ஆனாலும் விவசாயியின் சந்தேகத்தை வெறும் அறியாமை என்று தள்ள முடியாது. காகிதத்தில் ஒன்று, களத்தில் ஒன்று என்பதை அவர் பலமுறை பார்த்தவர். அதனால் ஊராட்சியில் எழுதி அனுப்பும் முன்பு வரைபடத்தைக் கையில் வாங்கி, எல்லைக் கல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. இன்னொரு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரிட்டாபட்டியையும் சேர்த்து மேலூர் வட்டத்துக் கிராமங்களில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது, பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்பும் ஊரார் கையில் இருந்த காரணங்களில் ஒன்று. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அந்தப் பக்கத்து ஊர்க்காரருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை; நடைப்பயணத்தில் அவர் வீட்டிலிருந்தே ஆள் போயிருக்கும்.

அறிவிப்பெல்லாம் பிறகு. மூன்று ஏக்கருக்கு முதலில் செய்ய வேண்டியது, அது யாருடையது என்று தெரிந்துகொள்வது. பல ஊர்களில் 'சாமி காடு' என்று எல்லோரும் சொல்வார்கள். 'அ' பதிவேட்டில் அது மேய்ச்சல் புறம்போக்கு என்றோ தரிசு என்றோ கிடக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்து, கோயில் பெயரில் இருக்கிறதா, புறம்போக்கா, தனியார் பட்டாவா என்று குறித்துக்கொள்ள வேண்டும். புறம்போக்கில் நிற்கும் மரத்தை வெட்ட ஊர்க்கூட்டத்தின் முடிவு மட்டும் போதாது, வருவாய்த் துறையின் அனுமதி வேண்டும். அது தெரியாமல் நல்லெண்ணத்தில் வெட்டியவர்கள் வழக்குக்கு அலைந்த கதை பல தாலுகாக்களில் உண்டு. அடுத்து, ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் இருக்க வேண்டிய குழு அது. பல இடங்களில் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. அந்தக் குழுவின் வேலையே ஊரில் உள்ள செடி, மரம், பூச்சி, கால்நடையை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதி வைப்பது. நம் காட்டில் எத்தனை கொடி என்று பெரியவர் கேட்டாரே, அதற்குப் பதில் அந்தப் பதிவேட்டில் இருந்திருக்க வேண்டும்.

பெரியவரின் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. திரும்பி வருகிற பேருந்தில் அவர் பேசியதைத் தம்பி மகன் அப்படியே எழுதியிருக்கிறார். "ஏண்டா, நான் என்ன காட்டுக்கு எதிரியா? கடைசி வீட்டுக்காரன் மகளுக்குக் கல்யாணம் வச்சான். மேலூர்ல மண்டப வாடகைக்கு மட்டும் கம்மல அடகு வச்சான். இன்னும் திருப்பல. ஊர்ல ஒரு கொட்டகை இருந்தா அந்தக் கம்மல் அவ காதுல கெடக்கும்ல?" மண்டபத்துக்கு வேறு இடம் எதுவும் ஊருக்குப் பொதுவாக இல்லை, காடு ஒன்றுதான் யாரும் உரிமை கேட்காத இடம். அதனால் அவர் கண் அங்கே போனது.

"அதுக்கு நம்ம களம் இருக்குல்ல பெரியப்பா" என்று இவர் சொன்னாராம்.

"களத்துல கடலை காயப் போட வேணாமா?"

"இப்ப எவன் பெரியப்பா களத்துல காயப் போடுறான்? எல்லாம் ரோட்டுல போட்டு மிதிபடுது."

பெரியவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. மேலூர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாராம்.

களத்தில் மேற்கூரை போட்ட தளம் ஒன்று அமைந்தால் அறுப்பு மாதங்களில் கடலையும் எள்ளும் காயும், வைகாசி ஆவணியில் பந்தல் போடலாம். இரண்டு வேலைக்கும் ஒரே தளம் சரியாக வருமா என்பது களத்தின் அளவையும், லாரி வந்து திரும்ப இடம் இருக்கிறதா என்பதையும் பொறுத்தது. உலர்களம் அமைக்க அரசுத் திட்டங்களில் நிதி வருவதுண்டு. இந்த ஆண்டு அவர்கள் ஒன்றியத்துக்கு இருக்கிறதா என்று வட்டார வேளாண்மை அலுவலகத்திலும் ஒன்றிய அலுவலகத்திலும் நேரில் கேட்க வேண்டும். களம் எந்த வகைப்பாட்டில் பதிவாகி இருக்கிறது என்பதையும் அதே 'அ' பதிவேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கும் சிக்கல் இருக்கலாம்.

காட்டுக்குள் கோயிலுக்குப் போகும் பாதைக்குச் சிமெண்டு போடுவது, சுற்றிலும் தகரவேலி அடைப்பது, 'சுத்தம்' என்று சருகைக் கூட்டி எரிப்பது, வரிசையாக அசோகமரமும் தேக்கும் நடுவது ஆகிய நான்கும் காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே செய்யப்படுபவை. வேண்டாம். கிடாவெட்டுக்குப் பொங்கல் வைக்கிற அடுப்பைக் காட்டுக்கு வெளியே வைத்துக்கொண்டு, இலையையும் பிளாஸ்டிக் தம்ளரையும் அன்றைக்கே எடுத்துப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. நடவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அந்தக் காட்டு விதையையே எடுத்து நாற்றுவிட்டு ஓரத்து வெற்றிடங்களில் நடலாம். நாவல் போன்றவற்றின் விதையைக் காயவைத்துப் பொட்டலம் கட்டி வைத்தால் முளைக்காது. பழம் பொறுக்கிய இரண்டொரு நாளில் விதைத்துவிட வேண்டும்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு சேதி. காசம்பட்டிக்குப் போய்வந்த மூன்றாம் நாள் சாயங்காலம், பெரியப்பா யாரிடமும் சொல்லாமல் ஒரு சணல் கயிற்றை எடுத்துக்கொண்டு களத்துப் பக்கம் போயிருக்கிறார். இவர் தோப்பிலிருந்து பார்த்துவிட்டுப் போய்க் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கிறார். நீளம் தொண்ணூற்றாறு அடி. அகலத்தை அளக்கும் முன் இருட்டிவிட்டது. மே 1 கிராமசபைக்கு முன்பு அளந்து எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.